பண்ணைக் குட்டைக்கு ஓர் அளவுகோல், பவராய்டு வைத்துப் போட்ட கணக்கு

அத்தானின் பண்ணைக் குட்டையில் கோல் நட்டாயிற்று. கரையில் நின்று பார்த்தாலே இன்னும் எத்தனை மா நிலத்துக்குத் தண்ணீர் பாயும் என்று படிக்க முடிகிறது. என்ஜின் வைத்து இறைத்துப் பார்த்ததில் கணக்கும் ஏறக்குறைய சரியாகவே வந்தது, அதனால் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடை. மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தாலும் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும், வரும்போது குட்டையை நிரப்பிக்கொண்டு அடுத்த முறை வரைக்கும் அதை வைத்தே நாற்றங்காலையும் நட்ட வயலையும் காப்பாற்ற வேண்டும். குட்டையில் எவ்வளவு கிடக்கிறது என்று அத்தான் ஒரு சவுக்குக் கழியை விட்டுப் பார்ப்பார். பாதிக் கழி நனைந்தால் பாதிக் குட்டை, அவ்வளவுதான் கணக்கு. கரை சாய்வாக இருக்கும் குட்டையில் அது நடக்காது. மேலே அகலம், கீழே குறுகல், ஆகவே பாதி ஆழத்தில் பாதித் தண்ணீர் இருக்காது. எவ்வளவு குறையும் என்பதுதான் கேள்வி.

குட்டையின் திட்டம் இது: அடித்தளம் 12 மீட்டருக்கு 18 மீட்டர், ஆழம் 2 மீட்டர், கரைச் சாய்வு ஒன்றுக்கு ஒன்றரை. அதாவது ஒரு மீட்டர் மேலே ஏறினால் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மீட்டர் வெளியே போகும். களிமண்ணில் இதைவிடச் செங்குத்தாக வெட்டினால் ஐப்பசி மழையில் கரை சரிந்துவிடும். இந்தக் கணக்கில் மேல்மட்டம் 18க்கு 24 மீட்டர், ஏறக்குறைய 32 குழி. ஆனால் திட்டம் காகிதத்தில் இருப்பது, பொக்லைன் வெட்டியது மண்ணில் இருப்பது. இரண்டும் ஒன்றுதானா என்று அளக்காமல் கோலில் எதையும் எழுத மனமில்லை.

அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. முறைத்தண்ணீர் வந்ததும் குட்டை நிரம்பும்போதே அளந்துவிட்டோம், நிற்கிற தண்ணீரைவிட நல்ல மட்டம் எது? ஒவ்வொரு 20 சென்டிமீட்டருக்கும் மடையை அடைத்து, நீர்விளிம்பில் நான்கு பக்கமும் நடுவில் ஒரு முளை அடித்து, 30 மீட்டர் ஃபைபர் டேப்பைக் குறுக்கே இழுத்து நீளமும் அகலமும் எடுத்தோம். மூலைகளை விட்டுவிட்டோம். பொக்லைன் வெட்டிய மூலை எப்போதும் வளைந்துதான் இருக்கும், ஒரு மீட்டர் ஆரத்துக்கு வளைந்திருந்தாலும் நான்கு மூலைக்கும் சேர்த்து ஒரு சதுர மீட்டர்கூடக் குறையாது. டேப்பு தண்ணீரில் தொங்காமல் விறைப்பாக இழுக்க ஆளுக்கொரு முனையில் பலம் வேண்டும், அதுதான் சிரமம். ஒவ்வோர் அளவிலும் நாலைந்து சென்டிமீட்டர் கூடக் குறைய இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

டேப்பின் முனை வளையம் முன்பே பிய்ந்து போயிருந்தது. அதனால் 1 மீட்டர் குறியில் பிடித்து, படித்த அளவில் ஒன்றைக் கழித்து எழுதுவதாக ஏற்பாடு. நோட்டில் எழுதியது அத்தான் பையன், கல்லூரியில் கணிதம் படிக்கிறான்.

அன்று இரவு நோட்டை வைத்துக்கொண்டு முதலில் பரப்புகளைப் பெருக்கி, அடுத்தடுத்த பரப்புகளின் வித்தியாசம், அந்த வித்தியாசங்களின் வித்தியாசம் என்று எடுத்துப் பார்த்தோம். திட்டப்படி என்றால் இரண்டாம் வித்தியாசம் எல்லாம் ஒரே எண்ணாக, 0.72 சதுர மீட்டராக வர வேண்டும். வந்ததோ கூடுகிறது, குறைகிறது, கழித்தல் குறிகூடப் போடுகிறது, ஒன்றும் விளங்கவில்லை. காரணம் எளிது. நீளத்தில் நாலைந்து சென்டிமீட்டர் தள்ளினாலே பரப்பில் ஒரு சதுர மீட்டர்வரை ஆடும், வித்தியாசம் எடுக்க எடுக்க அந்த ஆட்டம் பெருகும். 0.72ஐ அதில் எங்கே தேடுவது? பரப்பை விட்டுவிட்டு நீளம், அகலம் இரண்டையும் தனித்தனியாக எடுத்ததும் தெளிவாகிவிட்டது. அவை ஒவ்வொரு படிக்கும் 0.60 மீட்டர் கூட வேண்டும், இரண்டாம் வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். எல்லாம் அப்படியே வந்தது, நீளத்தில் ஓரிடம் தவிர. அங்கே ஏறக்குறைய ஒன்று, கழித்தல் இரண்டு, ஒன்று என்று வரிசையாக நின்றது.

“மாமா, இந்த ஒண்ணு மட்டும் எகிறுது, ஒரு மீட்டர் கழிக்காம எழுதிட்டேன் போல.”

ஆமாம், அதேதான். ஒரே ஓர் அளவு மட்டும் தப்பாக இருந்தால் இரண்டாம் வித்தியாசத்தில் அது இப்படி 1, −2, 1 என்று மூன்று இடத்தில் தடம் விட்டுப்போகும், நடு எண் எங்கே நிற்கிறதோ அந்த அளவுதான் குற்றவாளி. தப்பு இடத்தையும் சொல்லி அளவையும் சொல்லிவிடுகிறது என்பதால் இனி எதை அளந்தாலும் இந்தச் சோதனையைப் போடாமல் விடப்போவதில்லை. அதைத் திருத்தியபின் மண்ணில் இருக்கும் குட்டை திட்டத்தோடு டேப்பின் ஆட்டத்துக்குள் ஒத்துப்போனது. பொக்லைன் ஓட்டியவர் நல்ல கைகாரர்தான்.

அடுத்தது கொள்ளளவு. ஒவ்வொரு 20 சென்டிமீட்டர் அடுக்கையும் அதன் கீழ்ப்பரப்பால் பெருக்கிக் கூட்டினால் 614.52 கனமீட்டர் வருகிறது. கீழ்ப்பரப்பு எப்போதும் சிறியது, ஆகவே இது குறைவு என்று பார்த்ததுமே தெரியும். கீழும் மேலும் சராசரி எடுத்தால் 636.12. சரியான விடை 636, அதாவது 6,36,000 லிட்டர். 120 லிட்டர் வித்தியாசத்தை வைத்து யாரும் சண்டை போடப்போவதில்லை, சராசரியோடு நிறுத்தியிருந்தாலும் கோல் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

நிறுத்தாததற்குக் காரணம் அத்தான். மோட்டார் கொட்டகையில் மாட்டி வைக்க ஒரு பட்டியல் வேண்டும், அடியில் வண்டல் ஏறினால் அதை அவரே திருத்திக்கொள்ள வேண்டும் என்றார். அவருக்குக் கூட்டல் கை வந்த கலை, கனமூலம் மும்மடி என்று போனால் நோட்டை மூடிவிடுவார். போனில் விரிதாள் போட்டால் ஒரு நிமிஷ வேலைதான், ஆனால் அந்த விரிதாள் என் போனில் இருக்கும், குட்டை அவர் கொல்லையில் இருக்கும். கூட்டலை மட்டும் வைத்து முழுப் பட்டியலையும் எப்படி இறக்குவது என்று பார்த்தபோதுதான் பவராய்டு என்ற கணிதக் கருத்து உள்ளே வந்தது.

ஆழத்தை 20 சென்டிமீட்டர் படிகளாக எண்ணி, படி எண்ணை ப என்று வைத்தால் கொள்ளளவு ப, ப இருமடி, ப மும்மடி மூன்றும் கலந்த ஒரு பல்லுறுப்புக்கோவை. படிப்படியாகக் கூட்டும் வேலைக்கு இந்தச் சாதாரண இருமடி, மும்மடிகள் ஒத்துவராது. 5இலிருந்து 6க்குப் போனால் மும்மடி 125இலிருந்து 216க்குத் தாவும், வித்தியாசம் 91, அந்த 91க்கு அழகான முகம் எதுவும் இல்லை. அதற்குப் பதில் ப × (ப−1) × (ப−2) என்று எடுங்கள். 5க்கு 60, 6க்கு 120, வித்தியாசம் 60. அது சரியாக 3 × 5 × 4. நுண்கணிதத்தில் மும்மடியை வகையிட்டால் மூன்று மடங்கு இருமடி வருகிறதே, அதே ஒழுங்கு இங்கே வித்தியாசத்துக்கு வருகிறது. திருப்பிக் கூட்டும்போதும் அப்படியே.

டென்மார்க்காரர் ஜோஹன் ஃபிரெடெரிக் ஸ்டெஃபென்சன், கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் காப்பீட்டுக் கணிதப் பேராசிரியர். பட்டியலும் இடைக்கணிப்புமாகவே வாழ்ந்த துறை அது. 1941இல் ஆக்டா மாத்தமாட்டிக்காவில் எழுதிய கட்டுரையில் இப்படி இருமடி, மும்மடி மாதிரியே நடந்துகொள்ளும் கோவை வரிசைகளுக்கெல்லாம் சேர்த்துப் பவராய்டு என்று பெயர் வைத்தார். நாம் எடுத்த ப × (ப−1) × (ப−2) என்ற இறங்கு பெருக்கம் அதில் ஒரு வகை. ஒவ்வொரு காரணிக்கும் 1 இறங்குவதற்குப் பதில் வேறு ஓர் இடைவெளி இறங்கினாலும் பவராய்டுதான், அந்த இடைவெளியைப் பூஜ்யமாக்கினால் பழைய மும்மடியே திரும்பி வந்துவிடும். ஏபெல் பெயரில் இருக்கும் கோவைகளும் இந்தக் குடும்பம். எல்லாவற்றுக்கும் பொதுவானது என்னவென்றால், ஏதோ ஒரு செயலி (வகையிடுவது, வித்தியாசம் எடுப்பது போன்ற ஒரு செயல்) கோவையின் மடியை ஒன்று இறக்கி, பழைய மடி எண்ணை முன்னால் போடும், ஈருறுப்புத் தேற்றமும் அச்சுப் பிசகாமல் செல்லும். பின்னால் 1970களில் ஜியான் கார்லோ ரோட்டாவும் கூட இருந்தவர்களும் இதைச் செயலிக் கணிதமாக விரித்தார்கள். குட்டைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

இந்த வடிவத்துக்கு மாற்றியதும் 20 சென்டிமீட்டர் பட்டியலுக்கு மூன்றே எண்கள் மிஞ்சின: 45.024, 3.744, 0.144, எல்லாம் கனமீட்டரில். முதல் எண்ணோடு இரண்டாவதைக் கூட்டினால் அடுத்த அடுக்கு 48.768. இரண்டாவதோடு மூன்றாவதைக் கூட்டினால் 3.888, அதை 48.768இல் சேர்த்தால் அதற்கு அடுத்த அடுக்கு 52.656. மூன்றாவது எண் கடைசிவரை மாறாது. இப்படியே பத்து அடுக்கு இறக்கி எல்லாவற்றையும் கூட்டினால் 636.000 என்று வந்து நிற்கிறது. நடுவில் ஒரு மீட்டர் ஆழத்தில் 264. அதாவது பாதி ஆழத்தில் நூற்றுக்கு 41.5 பங்குதான் தண்ணீர். பாதித் தண்ணீர் இருக்க வேண்டுமானால் ஏறக்குறைய 117 சென்டிமீட்டர் நிற்க வேண்டும். அத்தான் இதைக் கேட்டதும், போன குறுவையை நினைத்துக்கொண்டார்.

20 சென்டிமீட்டர் கோடு அகலம் அதிகம், 5 சென்டிமீட்டருக்கு ஒரு வரி வேண்டும் என்றார். படியை நாலில் ஒன்றாக்கியதும் மூன்று எண்களும் லிட்டரில் 10,912.875, 227.25, 2.25 ஆயின. கால் லிட்டர் யாருக்கு வேண்டும் என்று முழு லிட்டராக்கி 10,913, 227, 2 என்று வைத்து 40 வரி இறக்கினோம். கடைசி வரியில் 6,33,340. அதாவது 2,660 லிட்டர் காணவில்லை.

குட்டைக்கு அது பெரிய நஷ்டமில்லை, என்ஜினுக்கு ஆறு நிமிஷ வேலை. ஆனால் கடைசி வரி 6,36,000இல் நின்றால்தான் நடுவில் கூட்டல் தப்பவில்லை என்று நம்ப முடியும், அது போய்விட்டது. எங்கே போனது என்று பார்த்தால் வேடிக்கை: முதல் எண்ணில் செய்த திருத்தம் 40 தடவை ஏறுகிறது, மொத்தம் 5 லிட்டர். இரண்டாம் எண்ணில் வெட்டிய கால் லிட்டர் 780 தடவை, 195 லிட்டர். மூன்றாவதில் வெட்டிய அதே கால் லிட்டர் 9,880 தடவை ஏறி 2,470 லிட்டரைத் தின்றுவிட்டது. 9,880 என்பது வேறொன்றுமில்லை, 40 × 39 × 38ஐ 6ஆல் வகுத்தது, நம் இறங்கு பெருக்கமேதான். ஆகப் பட்டியலில் ஆகச் சிறிய எண்ணைத்தான் ஆகக் கவனமாக வைத்துக்கொள்ள வேண்டும். கால் லிட்டர்களை விடாமல் மறுபடி இறக்கினோம், நாலாவது வரியில் 45,024 வந்து பழைய பட்டியலோடு பொருந்தியது, நாற்பதாவதில் 6,36,000.

லிட்டரில் எழுதினால் வயலில் யாருக்கும் பயனில்லை. ஒரு மாவில், அதாவது 100 குழியில், இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க 68 கனமீட்டர் ஆகும், வாய்க்காலில் போகும் சேதாரம் தனி. 68, 136, 204 என்று பட்டியலில் தேடி, இடையில் விழுவதைப் பிரித்துப் பார்த்து, கோடுகளின் உயரத்தை எடுத்தோம். முதல் மா 29.6 சென்டிமீட்டரில், இரண்டாவது 56.1, மூன்றாவது 80.3, நாலாவது 102.5, இப்படிப் போய் ஒன்பதாவது 194.4. முதல் மாவுக்கு ஏறக்குறைய ஓர் அடி ஆழம் தேவைப்பட, கடைசி மாவுக்கு 16 சென்டிமீட்டர் போதும் என்பது கோலைப் பார்த்தாலே கண்ணில் படுகிறது. அந்த முதல் கோடு பெயருக்குத்தான், ஃபுட்வால்வு அதற்குக் கீழே காற்றிழுக்கும்.

கோல் வேலை. அத்தானின் பழைய சவுக்குக் கழியில் எனாமல் அடித்துப் பார்த்ததில் பட்டையும் பெயின்ட்டும் சேர்ந்து உரிந்தது. அப்புறம் மூன்று அங்குல பிவிசி பைப்பு 10 அடி எடுத்து, அடியில் ஒரு பழைய பெயின்ட் பக்கெட்டில் கான்கிரீட் போட்டு அதற்குள் நிறுத்தி, பைப்புக்குள்ளும் ஓரளவு கான்கிரீட் இறக்கினோம், இல்லாவிட்டால் மிதக்கும். பிவிசியின் வழவழப்பில் பெயின்ட் ஒட்டாது, உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அதுவும் பாசி பிடித்தால் மறைந்துவிடும் என்று ஒவ்வொரு கோட்டையும் ஆக்ஸா பிளேடால் லேசாக அறுத்து, பள்ளத்தில் சிவப்பு எனாமலை நிரப்பினோம். பாசி படிந்தாலும் நகத்தால் தடவிப் படிக்கலாம். பூஜ்யக் கோடு பக்கெட்டின் அடிமட்டத்தில் வர வேண்டும் என்பதை மட்டும் கான்கிரீட் இறுகுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், பின்னால் நகர்த்த வழியில்லை.

செலவு: பைப்பு 720, சிமெண்டும் ஜல்லியும் வீட்டில் கிடந்தது, எனாமல் இரண்டு சிறு டின் 160, உப்புத்தாளும் பிளேடும் 60, டேப்பு புதிதாக வாங்கியது 350. மொத்தம் 1,290 ரூபாய். டேப்பை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது என் கட்சி, அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

சோதனை என்ஜினை வைத்து. 5 ஹெச்பி டீசல் என்ஜின், 200 லிட்டர் பேரல் 28 விநாடியில் நிரம்பியது, மணிக்கு 25.7 கனமீட்டர். 160 சென்டிமீட்டரிலிருந்து 140க்கு இறங்க 74.256 கனமீட்டர் போக வேண்டும், கணக்குப்படி 2 மணி 53 நிமிஷம். எடுத்தது 2 மணி 50. அந்த மூன்று நிமிஷம் கரை உறிஞ்சியதாக இருக்கலாம், பேரலின் கழுத்தில் நாங்கள் நிறுத்திய இடத்தாலும் இருக்கலாம். கீழே போகப் போகக் கதை மாறியது. 60இலிருந்து 40க்கு 52.656 கனமீட்டர், 2 மணி 3 நிமிஷத்தில் முடிய வேண்டியது 2 மணி 15 ஆயிற்று. கோலில் தப்பில்லை. தண்ணீர் ஒரு மீட்டர் கீழே போனதில் உறிஞ்சும் உயரம் கூடி, பம்பு மணிக்கு 23.4 கனமீட்டர்தான் தள்ளியிருக்கிறது. டீசல் கணக்குப் போடும்போது மேல் பாதிக்கு ஒரு வேகம், கீழ்ப் பாதிக்கு ஒரு வேகம் என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எதிர்பாராமல் கிடைத்த லாபம்.

வண்டலுக்கு வழி இதுதான். அடியில் 20 சென்டிமீட்டர் வண்டல் ஏறிவிட்டால் பட்டியலை முதலிலிருந்து போட வேண்டாம். தொடக்க எண்களை ஒவ்வொன்றாக அடுத்ததோடு கூட்டினால் போதும்: 45.024 + 3.744 = 48.768, 3.744 + 0.144 = 3.888, 0.144 அப்படியே. இந்த மூன்றையும் வைத்துப் புதுப் பட்டியல் இறங்கிவிடும். இது ஈருறுப்புத் தேற்றம் இறங்கு பெருக்கத்தில் வேலை செய்வதுதான், ஒரு படி நகர்த்தும்போது 1 × 0 பூஜ்யம் என்பதால் பக்கத்து எண் மட்டும் வந்து சேர்கிறது. 40 சென்டிமீட்டர் என்றால் இதையே இன்னொரு தடவை செய்ய வேண்டும், முதல் எண் 52.656 ஆகிவிடும். அத்தானிடம் தேற்றத்தைச் சொல்லவில்லை, பக்கத்து எண்ணைக் கூட்டுங்கள் என்று மட்டும் கொட்டகைச் சுவரில் எழுதிவிட்டேன். வண்டல் உயரம் பார்க்க, ஒரு கம்பியின் அடியில் தேங்காய்த் தொட்டி அளவு தகடு பற்றவைத்து மெதுவாக இறக்கினால் மேல்படலத்தில் நின்றுவிடும், தகடு இல்லாத கம்பி வண்டலைக் குத்திக்கொண்டு அடிவரை போய்விடும்.

அடுத்த தடவை செய்தால் கோலைக் குட்டை நடுவில் நட மாட்டேன். மழைக்குப் பிறகு கலங்கலில் கரையிலிருந்து படிக்கக் கண் வலிக்கிறது, ஃபுட்வால்வு பக்கமாக வைத்திருந்தால் கொட்டகை வாசலிலேயே நின்று பார்த்திருக்கலாம். பைப்பும் மூன்று அங்குலம் வேண்டியதில்லை, இரண்டு போதும்.

பக்கத்து வயல்காரர் குட்டைக்கும் கேட்டிருக்கிறார்கள். அது ட வடிவத்தில் முழங்கையாக மடங்கியது, சாய்வு ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு. ஆனாலும் கரைகள் நேராகச் சாய்ந்திருக்கும் வரை கொள்ளளவு மும்மடியைத் தாண்டாது, ஆகவே மூன்று மட்டத்தில் கொள்ளளவு தெரிந்தால் பட்டியல் முழுக்க இறக்கிவிடலாம். நாலாவதாக ஒரு மட்டத்தையும் அளந்து வைத்துக்கொள்வேன், சோதனைக்கு. கார்த்திகை மழை விட்டதும், வளையம் பிய்யாத டேப்போடு.